உதவியுடன்

காலை ஆறரைக்கு நான் விளக்கைப் போடும்போது
நானூற்றுப் பன்னிரண்டு தொட்டிகளும் ஒருசேரத் திடுக்கிடும்.
மீனுக்கு இமை கிடையாது.
அதனால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவேன்.

இந்த அறை நாறுமாம்.
இவாபுச்சி முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி போடுகிறான்.
எனக்குத் தெரியாது.
நான்கு வருடம் முன்பு, ஒரு ஜனவரி உறைபனியில்,
யஹாகி ஆற்றுப் பாலத்தில் சைக்கிள் சறுக்கி
பின்மண்டை தரையில் மோதியது.
எலும்பு முறியவில்லை, ஒரு தையல்கூட இல்லை.
ஆஸ்பத்திரியில் தந்த கஞ்சியில்
உப்பு இருந்தது, சூடு இருந்தது,
கஞ்சி இல்லை.

மூக்கிலிருந்து மூளைக்கு ஏறும் இழைகள்
எலும்புச் சல்லடையின் துளைகளில் அறுந்திருக்கும் என்றார் டாக்டர்,
மாவு சலிப்பவர்போல் கையை ஆட்டிக் காட்டி.
மறுபடி வளருமா?
"சிலருக்கு. கொஞ்சம்."
பிறகு கணினித் திரையைப் பார்த்தார்.

ஒகசாக்கியில் இந்த வேலைக்கு எழுதிப்போட்டபோது
'சிறப்புத் தகுதி' என்ற கட்டத்தில்
மணம் தெரியாது என்று நிரப்பினேன்.

இடது வரிசையில் வரிமீன்,
கங்கைச் சமவெளியின் கலங்கல் குட்டைகளில் தோன்றிய குலம்.
வலது வரிசையில் மெடாக்கா,
எங்கள் நெல்வயல் வாய்க்காலில் திரிவது.
இரண்டுமே என் சுண்டுவிரல் நீளம் வராது.
இவாபுச்சி அவற்றை மயக்கத் தண்ணீரில் கிடத்தி
நாசித்துளை வழியே
மயிரிழை ஊசியை மூளைக்குள் விட்டு எடுப்பான்.
அந்த நேரம் நான் வடிகட்டி கழுவப் போய்விடுவேன்.

மறுநாள் இரண்டுக்கும் வீங்கும்.
வரிமீனுக்கு வீக்கம்தான் கூப்பாடு.
மூளையின் உள்ளறைச் சுவரோரம் தூங்கும் செல்கள் அதைக் கேட்டு
எழும், இரண்டாகும், காயத்தை நோக்கி நடக்கும்,
நரம்பாகும்.
மூன்று வாரத்தில், கிழிந்த இடம் எதுவென்று
நுண்ணோக்கியே தடுமாறும்.

மெடாக்காவிலும் செல்கள் எழுகின்றன, பெருகுகின்றன.
வாசல்வரை வந்து
எதற்கு வந்தோமென்று மறந்தவர்கள்போல் நின்றுவிடுகின்றன.
காயத்தின் மேல் தழும்பு படிகிறது.

ஏன் என்று கேட்டேன்.
"அது தெரிந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு
இங்கே உட்கார்ந்து நூடுல்ஸ் தின்பேனா, குருமிசாவா-சான்?"

இன்று இருபத்தோராம் நாள்.
சிவப்பு விளக்கு மட்டும். கண் உதவக் கூடாது.
தொட்டியின் ஒரு மூலையில் தீவனச் சாறு ஒரு துளி.

வரிமீன், ஏழாம் எண்:
நின்றது. திரும்பியது. வந்தது,
நேராக அல்ல,
பாதி வழியில் தொலைத்து, பிறகு கண்டுபிடித்து.
துளிக்குழாயை என் மூக்கருகே கொண்டுபோனேன்.
குளிர்ந்த கண்ணாடி. அவ்வளவுதான்.

மெடாக்கா, முப்பத்தொன்றாம் எண்:
பத்து நிமிடம்.
அசையவில்லை என்று சொல்ல முடியாது, அசைந்தது,
எங்கோ.
குறித்துவிட்டு நகர வேண்டும் என்பது விதி.
நான் துளிக்குழாயை அதன் வாயில் இடிக்கும்வரை நகர்த்தினேன்.
தின்றது.

ஏட்டில் இரண்டே கட்டங்கள்: வந்தது, வரவில்லை.
நடுக்கோட்டின் மேல்
'உதவியுடன்' என்று எழுதினேன்.
இவாபுச்சி நாளை சிவப்பு மையால் அடிப்பான். அடிக்கட்டும்.

சாயங்காலம், வழக்கம்போல்,
பால் பெட்டியை வேலிக்கு மேல் நீட்டினேன்.
ட்சுருத்தாவுக்கு என் மரத்தின் இலைகள் பிடிக்காது,
நான் குப்பை வைக்கும் நேரம் பிடிக்காது.
மூக்கை மட்டும் மறுத்ததில்லை.
ஒருமுறை முகர்ந்தாள், முகம் சுளித்தாள்.

"கெட்டுப்போச்சா?"
"பால் நல்லாத்தான் இருக்கு. உன் கைதான்."

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அவள் பாலைச் சுவர்மேல் வைத்துவிட்டு
என் மணிக்கட்டைப் பிடித்து
மறுபடி முகர்ந்தாள்.
"இரு," என்றாள், "இரு, யோசிக்கிறேன்."